இன்னொருக்கா சிரிக்கட்டும்

டி.வி. தொடரில் வில்லி வாய்விட்டுச் சிரித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடேயப்பா, என்ன சிரிப்பு! என் சின்ன வயதில், எங்கள் மலையில் வளப்பூர் நாட்டுக் கோயில் திருவிழாக் கூத்தில், அசுரன் வேஷம் கட்டியவன் இப்படித்தான் சிரித்தான். சணல் மீசையும் கரி அப்பிய முகமுமாக அவன் குதித்தால், முன்வரிசையில் இருந்த எங்கள் வாய்க்குள் புழுதி வந்து விழும்.

ராஜாவின் பிள்ளையை அவன் தூக்கிக்கொண்டு போனபோது, "நீ வெளங்கவே மாட்டடா!" என்று அம்மா தொண்டை கட்டச் சபித்தாள். விடிகிற நேரத்தில் ராஜா அவனைக் கொல்ல வாளை ஓங்கினார். அம்மா பதறி எழுந்தாள்.

"ஏனுங்க ராசா, கொஞ்சம் பொறுங்க! அவன் இன்னொருக்கா சிரிச்சுட்டுச் சாகட்டுமுங்க!"

"ஆமாங்க!" என்று கூட்டமே கத்தியது. ராஜா ஓங்கிய வாளோடு நிற்க, அசுரன் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு மலை அதிரச் சிரித்தான்.

"நாசமாப் போறவனே!" என்று அம்மா பூரித்துப்போய்க் கைதட்டினாள்.

இங்கே வில்லியைப் போலீஸ் பிடித்துவிட்டது. "ஐயோ, கொஞ்சம் பொறுங்க!" என்று நானும் எழுந்துவிட்டேன்.

"இருங்கம்மா" என்று மகள் ரிமோட்டை எடுத்துக் காட்சியைப் பின்னுக்கு ஓட்டினாள். வில்லி மறுபடியும் சிரித்தாள்.

"நாசமாப் போறவளே!" என்றேன், வாயெல்லாம் பல்லாக.