தண்ணீர் தந்த தங்கம்

தேர்தல் வந்தால் கோவில்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு ஜீப் வரும். அதில் மைக் பிடித்துப் பேசுகிறவர் ஒடிசலான மனிதர். கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டு அதிமதுரம் அடக்கியிருப்பார். வேட்பாளர்களுக்குப் பட்டம் வைப்பது அவர்தான். எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு அவர் வைத்தது ‘தண்ணீர் தந்த தங்கம்’.

எங்கள் ஊரில் தொட்டி கட்டியதோடு சரி, குழாயில் ஒரு சொட்டு வந்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பொறுக்காமல் ஜீப்பை மறித்தேன்.

“எங்கன அண்ணாச்சி தந்தாரு தண்ணிய? வாய் கூசலையா?”

அவர் மைக்கைத் துண்டால் மூடிக்கொண்டு குனிந்தார்.

“எங்க ஊருலயும் வரல தம்பி. ஊரு ஊரா இப்படிக் கூப்பிட்டா, வெக்கப்பட்டாவது ஒருநாள் தந்துற மாட்டாரான்னுதான் கத்துதேன்.”

மனதாரச் சொன்னாரா, என்னைச் சமாளித்தாரா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

எம்.எல்.ஏ. ஜெயித்தார், மறுபடியும் ஜெயித்தார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. சுவரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பட்டம் ஏறி, சொந்தப் பெயர் மறந்தே போயிற்று.

போன வாரம் பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து அம்மா குடத்தோடு வந்தாள். நான் சைக்கிளில் இரண்டு குடம் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். பின்னால் கார் சத்தம் கேட்டது.

“ஏலே, ஒதுங்கி நில்லு. தண்ணி தந்தவரு வாராவ” என்றாள் அம்மா.

அவள் கேலியாகச் சொல்லவில்லை.