ஓரகத்தியின் ஆய்வுச் சுருக்கம்

அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீடு, ஒரே ஆஸ்பத்திரி, இருவருமே நர்ஸ். பெரியவள் நர்ஸ்கள் மாநாட்டில் இரண்டு முறை பேசியவள். அதனால், மாநாட்டுக்கு முதல் முறை ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்புகிறவர்களுக்குத் துணையிருந்து திருத்திக் கொடுக்கும்படி நர்ஸ்கள் சங்கத்தில் அவளைக் கேட்டிருந்தார்கள். யார் யாருக்கோ மனமாரத் திருத்திக் கொடுத்தாள். சின்னவளும் எழுதுகிறாள் என்றதும்தான் வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? வந்த நாள் முதல் மாமியாருக்குச் சின்னவள் போட்ட டீதான் டீ, டாக்டருக்கு அவள் போட்ட ஊசிதான் ஊசி.

சாப்பாட்டு மேசையில் சின்னவள் தாளை நீட்டினாள். "அக்கா, கொஞ்சம் பாத்துக் குடுங்க. நாளைக்கு அனுப்பணும்."

"நல்லா பாத்துக் குடும்மா பெரியவளே," என்றாள் மாமியார். "மேடை ஏற வேண்டிய பொண்ணு."

"அப்ப நான் ஏறினது ஏணியா அத்தை?"

எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்கு முதுகில் புண் வராமலிருக்க, எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது என்று ஒரு கடிகாரப் படம் வரைந்து கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்தாள் சின்னவள். அதைத்தான் எழுதியிருந்தாள். இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பெரியவளுக்கு உள்ளே புகைந்தது. கடைசி வரியில் புகை அடங்கியது. 'முடிவுகள் மாநாட்டில் தெரிவிக்கப்படும்' என்றிருந்தது. புதிதாக எழுதுகிறவர்கள் செய்கிற தப்பு. முடிவைச் சொல்லாத தாளைத் தேர்வுக் குழு படித்த கையோடு தள்ளிவிடும். மற்றவர்களுக்கு அவள் முதலில் அடிப்பதே அந்த வரியைத்தான்.

இப்போது அதைத் தொடாமல், நடுவில் இரண்டு சொல்லை மட்டும் மாற்றினாள். "நல்லா வந்திருக்கு, அனுப்பிடு."

சின்னவளுக்கு மூச்சு வந்தது. "அனுப்பறப்ப உங்க பேரையும் சேத்துடறேன்க்கா. உங்க ஷிஃப்டுல நீங்கதானே எல்லாரையும் திருப்பிப் படுக்க வச்சீங்க."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தள்ளிவிடப் போகிற தாளில் தன் பேரா? சங்கத்தில் சிரிக்க மாட்டார்களா?

"குடு இங்க. கடைசி வரி ஆகாது. எத்தனை பேருக்குப் புண் கொறஞ்சுதுன்னு இங்கயே சொல்லணும். இல்லேன்னா தூக்கிப் போட்டுடுவாங்க."

"இப்பத்தானே நல்லா வந்திருக்குன்னீங்க?"

"அப்ப கண்ணாடி போடலை."

கண்ணாடி மூக்கின் மேலேயேதான் இருந்தது. மாமியார் அதைப் பார்த்தாள். தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

தாள் தேர்வானது. மாநாட்டில் சின்னவள் தடுமாறாமல் பேசினாள். முன்வரிசையில் இருந்த பெரியவள், திரையில் இரண்டாவதாக இருந்த தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஓரகத்தி நல்லா பேசறாங்க," என்றாள் பக்கத்தில் இருந்த நர்ஸ்.

"அந்தக் கடைசி வரி நான் எழுதினது," என்றாள் பெரியவள்.