முடிவு தெரிந்த படம்

என் அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று நான் சொல்வது சொந்தக்காரி என்பதால். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, அத்தை கேட்ட கேள்விகளுக்குத் திருதிருவென்று விழித்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி விடுறோம்" என்று கிளம்பிப் போனார்கள். ஒருத்தரும் சொல்லி விடவில்லை. அப்பா நொந்துபோனார். அத்தையும்தான், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டாள். "இனி காப்பித் தட்டத் தூக்கிக்கிட்டு எவன் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன். பாக்கணும்னா சினிமாக் கொட்டகையில வந்து பாக்கட்டும்" என்று ஒரு நாள் வெடித்துவிட்டாள்.

கோபத்தில் சொன்னதை அப்பா கப்பென்று பிடித்துக்கொண்டார். தேவாரம் ஊரைச் சேர்ந்த மாப்பிள்ளை ஒருவர், போடியில் ஏலக்காய் வியாபாரம். தேனியில் ஒரு தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது என்று ஏற்பாடு. பிடிக்காவிட்டால் படம் பார்த்ததோடு போகட்டும், யாருக்கும் தலைகுனிவு இல்லை. இதுவும் தட்டிப்போனால் இனி யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கப் போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். மார்க்கையன்கோட்டையிலிருந்து பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தற்செயலாகப் படத்துக்குப் போன ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பெரியவர்கள் நாலு வரிசை தள்ளிப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். முன்னால் அத்தையும் மாப்பிள்ளையும், நடுவில் நான். எனக்கு எட்டு வயது.

தங்கையைக் கொன்றவர்களைக் கறுப்புக் கண்ணாடி போட்ட அண்ணன் தேடித் தேடிப் பழிவாங்கும் படம். தங்கைக்காரி வளையல் வாங்கச் சிரித்துக்கொண்டே கிளம்பினாள். "இவ திரும்பி வர மாட்டா" என்றாள் அத்தை. வரவில்லை. "இந்தப் போலீஸ்காரன் வில்லனோட ஆளு" என்றாள். ஆளேதான். எனக்கு அத்தை மந்திரக்காரி மாதிரித் தெரிந்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "யக்கா, கதை எழுதுனதே நீங்கதானா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை மெல்லக் கனைத்தார்.

"முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதாங்க. எப்படி அடிக்கிறான்னு பாக்கத்தான வந்திருக்கோம்."

"எப்படி அடிச்சா என்ன? சாகுறவன் சாகத்தான போறான்."

"அப்ப வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு எதுக்கு வருசா வருசம் போறீக? அங்கன என்ன நடக்கும்னு தெரியாதா?"

அத்தை முழுசாக அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஆத்தாளும் இந்தக் கண்ணாடிக்காரனும் ஒண்ணா?"

"ஒண்ணுன்னு சொல்லலைங்க. கதைய விட்டுட்டு ஸ்டைலப் பாருங்கங்கிறேன்."

விடுவாளா? இடைவேளை முடிந்தும் ஓயவில்லை. பாப்கார்ன் என் மடியில் இருந்தது, வாக்குவாதம் என் தலைக்கு மேலே நடந்தது. நான் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தச் சண்டை வந்தது. கொட்டுகிற மழையில் கதாநாயகன் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டும் அத்தனை பேரையும் துவைத்தெடுத்தான். சட்டை நனையவில்லை. தியேட்டரே விசிலில் கிழிந்தது. "அடிபொளி!" என்றார் அவர். மலையாளத்துக்காரர்களோடு வியாபாரம் செய்கிறவர் அல்லவா, பிரமாதம் என்பதை அப்படித்தான் சொல்வார். "இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?" என்றாள் அத்தை. ஆனால் அவள் சீட்டு நுனிக்கு வந்திருந்தாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்ததில் எனக்கு வலித்தது. அவரிடம் முறையிடலாம் என்று திரும்பினால், அவர் திரையையே பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நல்ல சண்டையை விட்டுவிட்டு இந்த மனுசன் எங்கே பார்க்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஆத்தா, அத்தையும் அவுகளும் என்ன பேசிக்கிட்டாக?"

"பேசலப்பா. சண்டதான் போட்டாக."

"யாரு, படத்துலயா?"

"இல்ல, இவுக ரெண்டு பேரும். படத்துல ஒண்ணுமில்லன்னு அத்தை, இருக்குன்னு அவுக. கடைசி வரைக்கும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. "முருகா, அங்கன போயுமா!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "அவுக வேணாம்னு சொல்றதுக்கு முந்தி நாமளே சொல்லிருவோம். மரியாதையாவது மிஞ்சும்" என்று செல்போனைக் கையில் எடுத்தார்.

"அண்ணே."

சேலையைக்கூட மாற்றாமல் அறை வாசலில் அத்தை நின்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"போன வைண்ணே. அந்தப் படத்த இன்னொரு தடவ பாக்கணும்."

"படம் நல்லால்லன்னு அவரோட மல்லுக்கட்டிட்டு வந்தியாமே?"

"கதைதாண்ணே நல்லால்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா அவளையே பார்த்தார். பிறகு போனை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு மட்டும் கவலையாக இருந்தது. விவரம் தெரியாமல் சொல்கிறாளே என்று, "அத்தை, மறுபடி பாத்தாலும் அதே முடிவுதான் வரும்" என்றேன்.

"வரட்டும்டி" என்று சிரித்தாள் அத்தை. கண்ணெல்லாம் தண்ணீர்.

ஒருத்தனை இரண்டாம் தடவையும் சாகடித்துப் பார்க்கிற அளவுக்கு அந்த வில்லன் மேல் அத்தைக்கு என்ன பகை என்று, தூக்கம் வருகிறவரை யோசித்துக்கொண்டிருந்தேன்.