முதல் சொட்டு கேட்டவர்

சங்கரன்கோவில் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்தபோது, கெட்டுப்போனது என்று தெரிந்தே குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தேன். பஸ் வழியில் பழுதாகி நின்றதில், பனவடலிசத்திரம் போய்ச் சேருமுன் மருந்துப் பெட்டியில் இருந்த ஐஸ் முழுவதும் உருகிவிட்டது. குளிர் போனால் அந்த மருந்து வெறும் தண்ணீர். கொடுக்காமல் திரும்பினால் மேலதிகாரி ஏசுவார் என்று பயந்தேன்.

அந்த ஊரில் ஆடு மேய்க்கும் ஒருவர் இருந்தார். நெடிய உடம்பு, வெயிலில் வெளுத்த தலைப்பாகை. ஒவ்வொரு முறையும் முதலில் உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டு வாங்கி, எல்லோரும் பார்க்க நக்குவார். "ஏட்டி, நான் செத்தா போயிட்டேன்? பிள்ளையளக் கொண்டாங்க!" என்று சத்தம் போடுவார். பெண்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். அன்றும் வந்தார்கள். அவரும் தன் மகளைத் தூக்கி வந்தார்.

சில மாதங்களில் அவளுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. மனது தாங்காமல் அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை.

"நக்கிப் பாத்தேனே சார், எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்றார்.

பிறகு ஊரைக் கூட்டி எல்லோரிடமும் உண்மையைச் சொன்னேன். அடுத்த முறை நல்ல மருந்தோடு போனபோது, அவர் எனக்கு முன்னால் நடந்து வீடு வீடாகக் கூப்பிட்டார். "ஒம் பிள்ள கால் போனது பத்தாதாவே?" என்று ஒருவன் உள்ளிருந்தே கேட்டான். ஒரு கதவும் திறக்கவில்லை.

அவர் ஏன் எனக்காக அப்படிக் கெஞ்சினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அந்தக் கோடையில் அதே தெருவில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் கால் போயிற்று.