ஏப்ரலில் வைத்த அட்டை

உயர்நிலை நான்கோடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் எழுபதுகளின் பிற்பகுதியில் ஆறு வருடம் ஓர் ஆய்விதழில் தட்டச்சு வேலை பார்த்தேன். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மசாலா அரைக்கும் கடையின் மாடியில் ஒரே ஓர் அறை. எந்தக் காகிதத்தை எடுத்தாலும் மல்லி வாசம் அடிக்கும். ஆசிரியர் சனிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் நான் தனியாக இருப்பேன். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

கட்டுரை வந்தால் எழுதியவர் பெயருள்ள முதல் தாளை எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்த ஒருவருக்கு மதிப்பீட்டுக்கு அனுப்புவோம். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. யார் படிக்கிறார் என்று எழுதியவருக்கும் தெரியக்கூடாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அட்டை உண்டு. பிஸ்கட் டின் ஒன்றில் மாதவாரியாகத் தடுப்பு வைத்திருந்தேன். ஏப்ரலில் கட்டுரை போனால் அட்டையை ஜூலையில் வைப்பேன். ஜூலை முதல் தேதி அந்தத் தடுப்பில் உள்ள அட்டைகளை எடுத்து, பதில் வராதவர்களுக்கு நினைவூட்டல் கடிதம் போடுவேன். இதழின் ஞாபகமே அந்த டின்தான்.

பூன் லேயிலிருந்து ஒருவர் கட்டுரை அனுப்பியிருந்தார். ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றுக்குப் போய், தமிழில் வெட்டிய கல்லறை வாசகங்களைப் பல வருடமாக நோட்டில் எழுதி வந்தவர். மார்ச்சில் வந்த கட்டுரையை ஏப்ரலில் சென்னையில் இருந்த ஒருவருக்கு அனுப்பினேன். அடுத்த வாரமே கட்டுரை எழுதியவர் நேரில் வந்து நின்றார்.

"அனுப்பியாச்சாம்மா?"

எனக்கு ஆண்களோடு நேருக்கு நேர் பேச வராது. தலையைக் குனிந்துகொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஜூலைத் தடுப்பிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்து, "போயிருச்சு அண்ணே" என்றேன்.

"யாருக்குன்னு கேக்க மாட்டேன் லா. படிக்கிறவரு கொஞ்சம் சுருக்கா படிப்பாரா? எனக்கு நுரையீரல்ல கோளாறு. டாக்டரு ஒளிக்காம சொல்லிட்டாரு. அச்சுல ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

ஆசிரியரிடம் சொல்கிறேன் என்றேன். அவர் படியிறங்கும் வரை அட்டை என் கையிலேயே இருந்தது. பிறகு அதை டின்னில் வைத்தேன்.

சனிக்கிழமை ஆசிரியரிடம் சொன்னபோது, "எல்லாருக்கும் அவசரந்தான். இது என்ன டெக்கா மார்க்கெட்டா, நின்னு வாங்கிட்டுப் போக? மூணு மாசம் முடியட்டும்" என்றார்.

ஆகஸ்டில் பூன் லேக்காரர் மறுபடி வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"ஞாபகப்படுத்தி எழுதினியாம்மா?"

ஜூலையில் ஏழெட்டுக் கடிதம் போட்டிருந்தேன். அதில் இதுவும் போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் எதிரில் டின்னைக் கிளறிக்கொண்டிருக்கக் கூச்சமாக இருந்தது. "போயிருச்சு அண்ணே" என்றேன். அக்டோபரில் வந்தபோதும் அதையே சொன்னேன். "நல்லா இருந்தா சட்டுனு சொல்லியிருப்பாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரல் முதல் தேதி தடுப்பைத் திறந்தேன். அவருடைய அட்டை முன்னால் இருந்தது. முதல் தடவை அவர் வந்துபோன அன்று, ஜூலையில் வைப்பதற்குப் பதிலாக, ஏப்ரலிலேயே செருகியிருக்கிறேன். அந்த மாதத்து அட்டைகளை ஏற்கெனவே பார்த்து முடித்திருந்ததால் ஒரு வருடம் அதை யாரும் தொடவில்லை. நினைவூட்டல் ஒன்றுகூடப் போகவில்லை.

அன்றைக்கே நினைவூட்டல் எழுதித் தபாலில் போட்டேன். மே மாதம் சென்னையிலிருந்து பதில் வந்தது. 'நினைவூட்டல் வராததால் அவசரமில்லை என்று எண்ணிவிட்டேன். நேற்று ஒரே மூச்சில் படித்தேன். இப்படி ஒரு வேலையை யாரும் செய்ததில்லை. ஒரு வரியும் மாற்றாமல் வெளியிடுங்கள்.'

ஏற்றுக்கொண்ட கடிதத்தைப் பூன் லேக்கு அனுப்பினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய மனைவி வந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை.

"அவரு ஜனவரியில தவறிட்டாரும்மா. எழுதினது சரியில்லன்னு தூக்கிப் போட்டுட்டாங்கன்னே நெனச்சாரு. நோட்டையெல்லாம் கட்டிக் கட்டிலுக்கடியில தள்ளிட்டாரு. நெசமாவே நல்லா இருந்துச்சா?"

மதிப்பீட்டுக் கடிதத்தை வெளியாருக்குக் காட்டக்கூடாது. ஆசிரியரைக் கேட்காமல் அதை எடுத்து வாசித்துக் காட்டினேன். முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாம் வரியிலிருந்து வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்போதும் இரண்டாம் வரியிலிருந்துதான் தொடங்கினேன்.

டிசம்பர் இதழில் கட்டுரை வந்தது. தபாலில் போடாமல் இரண்டு பஸ் மாறி நானே பூன் லேக்குக் கொண்டுபோனேன். அந்த அக்கா பக்கங்களைத் தடவித் தடவிப் பார்த்தார். கட்டுரையின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். பெறப்பட்டது மார்ச், ஏற்கப்பட்டது மறு ஆண்டு மே என்று படித்தேன். எல்லாக் கட்டுரைக்கும் போடுவது வழக்கம். நானே தட்டச்சு செய்த வரி.

"ஒரு கட்டுரையப் படிக்க ஒரு வருஷத்துக்கு மேலயாம்மா?"

சொல்லிவிடத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தேன்.

"ஆய்விதழ்னா அப்படித்தான்க்கா" என்றேன்.

"அப்படியா? மொதல்ல அவரும் அதத்தான் சொன்னாரு" என்று தலையாட்டிவிட்டு, எனக்குத் தேநீர் போட எழுந்து போனார்.