கண்மாய்க்குள் ஒரு கார்ப் பந்தயம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது, கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் வரைக்கும் என் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் வளர்ந்தது மலாய் நாட்டில். அப்பாவை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம்; அவர் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்பிள்ளை இல்லாத வீடு. ஆத்தாவுக்கு அடிக்கடி மூச்சிழைப்பு வரும். ஆஸ்பத்திரியோ தூரம். தான் வெளியூர் போயிருக்கும்போது உதவட்டும் என்று, தோட்டத்து லாரியை ஓட்ட அப்பச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மழையில் ஊறிய செம்மண் பாதையில் லாரி சறுக்கும். அதிலேயே ஓட்டிப் பழகியதால் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. காரைக்குடிக்கு மருமகளாக வரும்போது, “அங்க போயி இதையெல்லாம் பேசிக்கிட்டிருக்காத” என்று ஆத்தா சொல்லியனுப்பினாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

மாமனாரும் என் கணவரும் ரங்கூனில் தொழில் பார்த்தார்கள். பெரிய வீட்டில் மாமியாரும் நானும் வேலைக்காரர்களும்தான். மாமனார் வாங்கி நிறுத்திவிட்டுப் போன பச்சை நிறக் கார் ஒன்று இருந்தது. அதைச் சம்பளத்துக்கு இருந்த டிரைவர் ஓட்டினார். கோயிலுக்கும் விசேஷ வீடுகளுக்கும் போவதோடு சரி.

ஒரு கார்த்திகை நாளில் குன்றக்குடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, டிரைவருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் புளியமரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டார். மாட்டுவண்டி ஏதாவது வருகிறதா என்று மாமியார் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

“நான் ஓட்டவா அயித்தை?” என்றேன்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டிரைவரைப் பின் சீட்டில் படுக்க வைத்துவிட்டு முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் இறங்கியதும்தான் கேட்டார்.

“இத்தன நாளும் ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே அயித்தை.”

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. டிரைவருக்கு வயிறு சரியான பிறகும், வாரத்துக்கு ஒருநாள் “ஏத்தா, கல்லல் வரைக்கும் போயிட்டு வருவமா” என்று என்னையே கூப்பிடுவார். கல்லலில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது.

மறு வருஷம் கோடையில்தான் அந்தப் பந்தயம் வந்தது. கார் வைத்திருந்த இளவட்டங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சாக்கோட்டைப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் கொடி நட்டு, ஐந்து சுற்று கார்ப் பந்தயம் விடுவதாக நோட்டீஸ் அடித்தார்கள். சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர்கள் கலந்துகொள்ளக் கூடாது. காரின் சொந்தக்காரரோ, அவர் குடும்பத்தில் ஒருவரோதான் ஓட்ட வேண்டும். பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும். இவைதான் விதிகள்.

நோட்டீஸை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமியாரின் தம்பி. அவரிடம் நீளமான கறுப்புக் கார் ஒன்று இருந்தது. எந்தப் பேச்சை எடுத்தாலும் அதில் கொண்டுவந்து முடிப்பார். நல்ல மனுஷர், பெருமைதான் கொஞ்சம் அதிகம்.

“ஒங்க காரும் இருக்கு, சந்தைக்குக் காய் வாங்கப் போக. ஓட்டுறதுக்குத்தான் வீட்டுல ஆளில்ல, ஆச்சி” என்றார் அக்காவிடம்.

“ஏன் இல்ல? எம் மருமக ஓட்டுவா” என்றார் மாமியார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் தம்பியும் நினைத்தார், நானும் நினைத்தேன். மறுநாள் காலை மாமியார் காரை எடுக்கச் சொல்லி, நேரே சங்கத்துச் செயலாளர் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். செயலாளர் வக்கீல். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொம்பளைக ஓட்டக் கூடாதுன்னு விதியில இல்லைதான் ஆச்சி. ஆனா ஓட்டலாம்னும் போடலையே.”

“வேட்டி கட்டிக்கிட்டு ஓட்டலாம்னு போட்டிருக்கீகளா?” என்று கேட்டார் மாமியார்.

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பெயரை எழுதிக்கொண்டார். இன்னொரு பெண்ணும் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று அப்போதுதான் சொன்னார். ரயில் பாதை வேலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியரின் மனைவி. அவரை மறுக்கத் தைரியமில்லாமல் சேர்த்துக்கொண்டார்களாம்.

அந்த அம்மாளைப் பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கண்மாயில் பார்த்தேன். காரை வெளியே விட்டுவிட்டு, கொடிக்குக் கொடி நடந்து தரையைக் காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மாமியாரும் அதற்குத்தான் போயிருந்தோம். சமையல்காரனிடம் கற்ற தமிழில் பேசினார். சீமையில், சாய்த்துக் கட்டிய சிமிட்டித் தரையில் பெண்கள் கார்ப் பந்தயம் ஓட்டுகிறார்களாம். இவரும் ஓட்டியிருக்கிறாராம். முதலில் பெண்களைத் தனியாக ஓட்டச் சொன்னார்களாம். சண்டை போட்டுத்தான் ஆண்களோடு சேர்ந்து ஓட்டினோம் என்றார். உலகத்தில் இப்படியும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நான் ஏதோ விதிவிலக்கு, ஒளித்து வைக்க வேண்டியவள் என்று ஆத்தா சொன்ன நாளிலிருந்து நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அங்கேயே கழன்று விழுந்தது.

கண்மாய்த் தரை காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கல்லைப்போல் இறுகியிருந்தது. மடைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு துண்டு இடத்தில் கோரை பசேலென்று நின்றது. மேலே காய்ந்திருந்தாலும் கீழே ஈரம் இருக்கிறதென்று அர்த்தம். கொடிகளுக்கு நடுவே நேராகப் போனால் அதன்மேல்தான் போயாக வேண்டும். நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவரும் கோரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

மறுநாள் கரை முழுக்க ஜனம். பந்தயத்தைவிட எங்களைப் பார்க்க வந்த கூட்டம்தான் அதிகம். எனக்குத் துணையாக உட்காருவதற்குப் பங்காளி வீட்டு ஆண்கள் யாரும் முன்வரவில்லை. மாமியார் கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மடியில் ஒரு செம்புத் தண்ணீர்.

“அது எதுக்கு அயித்தை?”

“காருக்குத் தாகம் எடுத்தா ஊத்த. எனக்கு எடுத்தா நான் குடிக்க.”

வக்கீல் கைக்குட்டையை வீசியதும் எல்லாக் கார்களும் ஒன்றாகப் பாய்ந்தன. புழுதியில் முன்னால் போவது எது, பக்கத்தில் வருவது எது என்று தெரியவில்லை. பல் நறநறத்தது. முதல் இரண்டு சுற்று நான் அவசரப்படவில்லை. ஆண்கள் வந்த வேகத்திலேயே திருப்பத்தில் நுழைந்தார்கள். கார் அவர்களைக் கொடிக்கு வெளியே இழுத்துக்கொண்டு போயிற்று. நான் திருப்பத்துக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, சக்கரம் நேரானதும் அழுத்தினேன். செம்மண்ணில் லாரி சொல்லித் தந்த பாடம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவரையாவது பின்னால் விட்டேன். தாண்டும்போதெல்லாம் மாமியார் அந்தந்தக் காருக்குள் எட்டிப் பார்த்து, “இது நம்ம பக்கத்து வளவுக்காரவுக மகன்” என்று அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மடைப் பக்கம் வரும்போதெல்லாம் கோரையை விட்டு விலகிச் சுற்றிப் போனேன். வெள்ளைக்கார அம்மாளும் அப்படியே போனார். அதனால் நேரம் கொஞ்சம் வீணாயிற்று. மாமியாரின் தம்பி அந்த நேரத்தைக் கணக்குப் பண்ணிக் கோரையின் மேலேயே போய்க்கொண்டிருந்தார். போகப் போக மேல்தரை உடைந்திருக்க வேண்டும். நான்காவது சுற்றில் நான் அங்கே வரும்போது கறுப்புக் கார் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. அவர் முழங்கால் ஆழத்தில் நின்று கையை ஆட்டினார். சட்டை வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு.

எனக்குக் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. என்ன இருந்தாலும் மாமியாரின் உடன்பிறந்தவர்.

“நிப்பாட்டாத” என்றார் மாமியார். “அவனுக்கு ஒண்ணுமில்ல. கால் இருக்கு, நடந்து வருவான். நீ போ.”

கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் அந்த அம்மாளின் கார் மட்டும்தான். கடைசித் திருப்பத்தில் அவர் பின்சக்கரத்தைத் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் என் காரில் வேகம் இல்லை. அரைக் கார் நீளத்தில் அவர் முதலாவது, நான் இரண்டாவது. காரை நிறுத்தினேன். கரையில் யாரோ குலவை போட்டார்கள். அது ஒவ்வொரு பெண்ணாகப் பரவி, கரை நெடுகக் கேட்டது. மாமியார் செம்புத் தண்ணீரைப் பாதி என்னிடம் கொடுத்துவிட்டு, மீதியில் என் முகத்தைக் கழுவிவிட்டார்.

பரிசு கொடுக்கும் இடத்தில்தான் வக்கீலுக்குத் தர்மசங்கடம். முதல் பரிசு வெள்ளி சிகரெட் பெட்டி. இரண்டாம் பரிசு தந்தப்பிடி போட்ட சவரக் கத்தியும் பிரஷும். பெண்கள் வாங்குவார்கள் என்று யார் கண்டார்கள்? அந்த அம்மாள் பெட்டியைத் திறந்து பார்த்து, சந்தோஷமாகக் கைப்பையில் போட்டுக்கொண்டார். என் பரிசை மாமியார் வாங்கிக்கொண்டார். மறுநாள் அதைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துத் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். அவர் கோபித்துக்கொள்வார் என்று நான் பயந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே மழமழவென்று சவரம் பண்ணிக்கொண்டு வந்து நின்றார்.

“நல்லாத்தான் எடுக்குது, ஆச்சி” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தத் திருப்பத்துல நீ எப்பிடித்தா சறுக்காமப் போன? எனக்குச் சொல்லிக்குடு” என்று கேட்டார்.

அடுத்த கோடையில் சங்கத்தார் பெண்களுக்குத் தனிப் பந்தயம் என்று நோட்டீஸ் போட்டார்கள். நானும் அந்த வெள்ளைக்கார அம்மாளும் போய், அது வேண்டாம், எல்லாரோடும் சேர்ந்தே ஓட்டுகிறோம் என்று சொல்லிவிட்டோம். அந்தத் தடவை நான் நான்காவதாகத்தான் வந்தேன். எனக்கு முன்னால் வந்தவர்களில் மாமியாரின் தம்பியும் ஒருவர். திருப்பங்களில் அவர் கார் அருமையாகப் போயிற்று.