பாட்டை வைத்து மணி பார்த்தவர்

அந்த டயாலிசிஸ் கூடத்தில் ஆறு கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆளுயரத்துக்கு ஓர் இயந்திரம். நோயாளியின் கையிலிருந்து இரத்தம் ஒரு குழாய் வழியே வெளியேறி, வடிகட்டியில் கழுவப்பட்டு, மறு குழாய் வழியே உடம்புக்குத் திரும்பும். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். மதியம் பன்னிரண்டரைக்குத் தொடங்கும் முறைக்குப் பொறுப்பாக இருந்த டெக்னீஷியனை எல்லோரும் மெல்லக்கா என்றே அழைத்தார்கள். ஊசி ஏற்றும்போது, "மெல்ல... மெல்ல... அவ்வளவுதான்" என்று சொல்வது பதினோரு ஆண்டுகளாக அவள் நாக்கில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் அவள் அக்காதான்.

முன்பு அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. ஆறு பேரும் அதையே வெறித்துக்கொண்டு கிடப்பதைக் கண்ட மருத்துவர், ஒருநாள் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். இயந்திரத் திரைகளும் நோயாளிகளின் கண்ணுக்குப் படாமல் திருப்பி வைக்கப்பட்டன. கைப்பேசிகள் வாசலிலேயே இழுப்பறைக்குள் போயின. மணியைப் பிடுங்கிக்கொண்டால் அந்த இடத்தில் வேறெதையாவது தர வேண்டும் அல்லவா? மெல்லக்கா வீட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மருந்து அலமாரியின் மேல் வைத்தாள். பிறகு கட்டில் கட்டிலாகப் போய், "உங்களுக்குப் பிடிச்ச பாட்டு சொல்லுங்க. அமைதியா இருக்கணும், அது ஒண்ணுதான் கண்டிஷன்" என்று கேட்டாள்.

முதல் கட்டிலில் இருந்த தையற்காரம்மா உடனே சட்டம் போட்டாள். "பாடுறவங்க அழக்கூடாது. எனக்கே அழுகை வர்றப்போ துணைக்கு ஒரு ஆள் எதுக்கு?"

அடுத்த கட்டிலில் கணக்கு டீச்சர். "தாளம் பலமா இருந்தா என் பிபியும் கூடவே எகிறுது. தபேலா இல்லாததா பார்த்து எடுங்க மெல்லக்கா."

"அப்படின்னா உங்களுக்குக் கொசு பாடுறதைத்தான் போடணும் டீச்சர்" என்றாள் தையற்காரம்மா.

சிபாரிசுகள் வந்து குவிந்தன. மெல்லக்கா கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றையும் பதிந்தாள்: யார் சொன்னது, எத்தனை நிமிடம், எந்தக் கருவியில் தொடங்குகிறது, எந்த ஒலியில் முடிகிறது. நூற்றுப் பதினான்கு பாட்டுகளிலிருந்து ஐம்பத்திரண்டைத் தேர்ந்தாள். மொத்தம் இருநூற்று நாற்பது நிமிடம். ஒரு முறைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வீணையின் கடைசி அதிர்வு அடங்குகிற இடத்தில், பின்னால் வருகிற பெண்குரல் எங்கிருந்தோ மிதந்து வரும். அந்தக் குரல் மூச்சு வாங்கும் இடைவெளியில் கிதார் புகுந்துவிடும். எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. திரைச்சீலை வழியே வடிந்து வந்த மதிய வெளிச்சத்தில் இயந்திரங்கள் முணுமுணுக்க, ஆறு உடம்புகளும் கரையோரம் கட்டிய படகுகளைப் போல லேசாக அசைந்து கிடந்தன. மெல்லக்காவுக்கே சில சமயம் தரை இலேசாகிவிட்டதுபோல் இருக்கும்; அரை மணிக்கு ஒரு முறை பிபி பார்க்கும் கடமைதான் அவளைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வரும். ஒரு மாதம் அந்த வரிசையில் அவள் ஒரு பாட்டைக்கூட மாற்றவில்லை. இவ்வளவு அழகாக அமைந்ததில் யாராவது கை வைப்பார்களா?

அந்த மாதத்தில்தான், ஆள் மாறிக் காலியான ஆறாவது கட்டிலுக்குக் கிரேன்காரர் வந்து சேர்ந்தார். அடுக்குமாடிக் கட்டுமானங்களில் இருபத்தாறு ஆண்டுகள் கிரேன் ஓட்டியவர். ஐம்பது வயது, பலகைபோல் அகன்ற கை. பாட்டு கேட்டதற்கு, "எனக்குப் பாட்டே ஆகாதும்மா. காதுக்குள்ள எறும்பு ஊருற மாதிரி இருக்கும்" என்று முடித்துவிட்டார். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு: இரண்டரை மணி நேரம் ஆனதும், "போதும், கழட்டிவிடு" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். கெஞ்சினாலும் கேட்கமாட்டார், மிரட்டினாலும் கேட்கமாட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மருத்துவர் மெல்லக்காவைத் தனியே அழைத்தார். "பாதிப் பாதியா சுத்தம் பண்ணா அந்த உடம்பு எவ்வளவு நாள் தாங்கும்? இப்பவே கால் வீங்கியிருக்கு. அடுத்து நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா அவரை நாம ஐசியூவுலதான் பார்ப்போம். நாலு மணி நேரம் படுக்க வைங்க. எப்படியாவது."

எப்படியாவது என்பதற்கு மெல்லக்காவிடம் வழி இல்லை. ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. மணியே தெரியாத அந்தக் கூடத்தில், இரண்டரை மணி நேரம் ஆயிற்று என்பது அந்த மனிதருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? அவருடைய பதிவுத்தாள்களை எடுத்து அடுக்கிப் பார்த்தாள். இயந்திரத்தில் இருந்த நேரம்: 2 மணி 31 நிமிடம், பிறகு 2.30, 2.32, 2.31. எந்த நாளும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பிசகவில்லை.

விடை தையற்காரம்மாவிடமிருந்து வந்தது. "மெல்லக்கா, கோவிச்சுக்காதே. நேத்து கடைத்தெருவுல நடந்து போறேன், ஏதோ ஒரு கடையில உன்னோட அந்தப் புல்லாங்குழல் ஓடுது. நின்ன இடத்துலயே எனக்குக் கெண்டைக்கால் பிடிச்சு இழுத்துடுச்சு."

"ஏம்மா?"

"அது வந்தா மூணு மணி நேரம் ஆச்சுன்னு அர்த்தம். அப்பதானே எனக்கு ஒவ்வொரு தடவையும் கால் இழுக்கும்?"

"எனக்கு அந்தக் கிதார்" என்றார் டீச்சர். "அது கேட்டா இன்னும் ஐம்பத்தஞ்சு நிமிஷம். கணக்குப் போட்டுட்டேன்."

கிரேன்காரர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு பொண்ணு தூங்கிக்கிட்டே பாடுமே, அது முடிஞ்சா நான் கிளம்பிடுவேன்."

மெல்லக்கா ஊசித் தட்டைக் கீழே வைத்தாள். சுவரிலிருந்து கழற்றிய கடிகாரத்தைத் தானே மருந்து அலமாரியின் மேல் பாட்டாகத் திரும்ப மாட்டியிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதுவும் ஐம்பத்திரண்டு முள் வைத்த கடிகாரம்.

அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் மெல்லக்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாட்டு. ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் கணவன், உட்கார இடம் தேடி வந்து நின்றான்.

"பாட்டு அடுக்குறியா, வீடு மாத்துறியா?"

"தொடாதே. ஊதாதே. மூச்சுகூட அந்தப் பக்கம் திரும்பி விடு."

"கலைச்சுதானே போடப் போற? ஃபேனைப் போட்டுட்டா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடுமே."

கண்டபடி கலைத்தால் கனவு அறுந்துவிடும் என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? ஒன்றோடொன்று உறவுள்ள நான்கைந்து பாட்டுகளை ஒரு கட்டாகச் சேர்த்தாள். எந்தக் கட்டுக்குப் பின் எந்தக் கட்டு வந்தாலும் உறுத்தாதபடி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் மெலிதான ஒலியை மட்டும் வைத்தாள். பன்னிரண்டு கட்டுகள். இனி நாளுக்கொரு வரிசை.

புது வரிசை ஓடிய முதல் நாள், தையற்காரம்மா கால் இழுக்காமல் உறங்கிப்போனாள். டீச்சர் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை கைவிட்டார். கிரேன்காரர் மட்டும் கரையைத் தொலைத்தவர்போலத் தவித்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் கலைச்சுட்டியா? எனக்கு இப்ப எங்க இருக்கோம்னே தெரியலையே."

அவருடைய நாடி வேகமாக அடித்தது. மெல்லக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, ஒண்ணு கேட்கவா? கிரேன் மேல ஏறினா எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"அஞ்சு மணி நேரம். ஏறி இறங்கவே பாதி உசுரு போயிடும், அதனால நடுவுல இறங்கமாட்டேன்."

"இந்த இடத்துல பாதி அளவு சின்ன கூண்டு அது. அங்க அஞ்சு மணி நேரம் இருந்தீங்க, இங்க நாலு முடியலையா?"

"அங்க கையில வேலை இருக்கும். இங்க கையை நீ கட்டிப் போட்டுட்ட." பிறகு வெட்கப்பட்டவர்போலக் குரலைத் தாழ்த்தினார். "பாரத்தை இறக்குறப்போ அவசரப்படக் கூடாது. கை தானா அவசரப்படும். அதுக்காக ஒரு மாதிரி முனகிக்குவேன். உச்சியில ஆரம்பிச்சா, பாரம் தரையைத் தொடுறப்போ முடியும்."

"முனகுங்க, கேட்கலாம்."

"போம்மா."

"யாரும் கேட்க மாட்டாங்க. எல்லாரும் தூங்குறாங்க."

டீச்சர் தூங்கவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார். கிரேன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். அதற்கு ராகம் என்று பெயர் வைக்க முடியாது. மார்புக்கூட்டின் அடியிலிருந்து எழும்பிய ஒரே கனத்த ஒலி, படிப்படியாக, ஒரு படிக்கும் மறு படிக்கும் நடுவே காற்று நுழையும் அளவுக்கு இடம் விட்டு, கீழே கீழே இறங்கியது. மெல்லக்கா அவரிடம் கேட்டுக்கொண்டு அதைப் பதிவு செய்தாள். ஆறு நிமிடம் பத்து நொடி. நோட்டுப் புத்தகத்தில் ஐம்பத்து மூன்றாவது வரி. யார் சொன்னது என்ற இடத்தில், கட்டில் ஆறு. அன்றும் அவர் பாதியில்தான் போனார், ஆனால் இரண்டு மணி ஐம்பது நிமிடம் இருந்துவிட்டு.

இரண்டு நாள் கழித்து அடுத்த முறை. வீணை ஒன்று தேய்ந்து அடங்கிய இடத்தில் அந்த முனகல் எழுந்தது. தையற்காரம்மா கண் திறக்காமலே, "இது யாரு? நல்லா இருக்கே, கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி" என்றாள்.

கிரேன்காரர் படுத்தபடியே விறைத்துக்கொண்டார். ஊசி இல்லாத கை போர்வையின் மேல் மெதுவாக நகர்ந்தது. முடிந்ததும் கையைத் தூக்கி மெல்லக்காவை அழைத்தார்.

"தப்பு."

"என்ன தப்பு?"

"வேகம். கடைசி பத்தடியில நான் அவசரப்பட்டிருக்கேன். இந்த மாதிரி இறக்கினா கீழ நிக்கிறவன் கால் இருக்காது. இன்னொரு தரம் போடு."

"பிபி பார்க்கணும்."

"பார்த்துக்கிட்டே போடு."

மறுபடி ஓடியது. மறுபடியும் தப்பு என்றார். புதிதாக முனகிப் பதிய வேண்டும் என்றார். பதிந்தார்கள். டீச்சர் உறக்கத்தை விட்டுவிட்டு, இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவே இடைவெளி போதவில்லை என்று திருத்தம் சொன்னார். "கிரேன் ஓட்டியிருக்கீங்களா டீச்சர்?" என்று கிரேன்காரர் சீறினார். "இல்லை, ஆனா இடைவெளியை எண்ணத் தெரியும்" என்றார் டீச்சர். மூன்றாம் பதிவில் இருவருக்கும் உடன்பாடு வந்தது. பிறகு இதற்கு முன்னால் எந்தப் பாட்டு வர வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. வீணை கூடாது, அது மிக மினுமினுப்பு என்றார் கிரேன்காரர். தூங்கிக்கொண்டே பாடும் அந்தப் பெண்ணை வைக்கலாம், அவள் நிறுத்துகிற உயரத்திலிருந்து தான் எடுத்துக்கொள்வேன் என்றார். மெல்லக்கா அந்த இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள். பெண்குரல் உச்சியில் நின்று கரைந்தது. கனத்த குரல் அதை வாங்கிக்கொண்டு மெல்ல இறங்கியது. கிரேன்காரர் கண்ணை மூடியிருந்தார்.

ஆறாவது இயந்திரம் மணி அடித்தபோது மெல்லக்கா திரையைப் பார்த்தாள். பிறகு, ஏமாந்துவிடக் கூடாதென்று பதிவுத்தாளோடு ஒத்துப் பார்த்தாள். நான்கு மணி நேரம். அவள் ஊசியில் கை வைத்ததும் அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள கழட்டுற?"